தடுப்பூசிப் பெட்டி போன் பண்ணுமா?

சென்ற கோடையில் என் தங்கை மகளின் பிரசவத்துக்காக அரியலூர் பக்கம் போய் இரண்டு மாதம் இருந்தேன். குழந்தைக்கு ஒன்றரை மாதம் முடிந்ததும், ஒரு புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தங்கையின் மாமியாரும் கூடவே வந்தார். முந்தின நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அதிலிருந்தே அந்த அம்மாளுக்கு ஒரு சந்தேகம்.

"ஏம்மா, எங்க வீட்டு ஃபிரிட்ஜுல வெச்ச பாலே திரிஞ்சு போச்சு. உங்க ஊசி மருந்து மட்டும் நல்லா இருக்குமா?" என்று நர்ஸம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்!

எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "கேக்கறது நல்லதுதான் பாட்டி, வாங்க" என்று கதவருகே நின்று காட்டினார்.

அது நம் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்லை. மூடி மேல் பக்கம் திறக்கிறது. சுவர்களுக்குள்ளே ஐஸ் உறைந்து நிற்பதால், கரண்ட் போனாலும் மூடியைத் திறக்காத வரை பல மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். உள்ளே 2 டிகிரிக்குக் குறையவும் கூடாது, 8 டிகிரிக்கு மேல் ஏறவும் கூடாது. சூடு பட்டால்தான் மருந்து கெடும் என்று நாம் நினைக்கிறோம், இல்லையா? போலியோ சொட்டு மருந்துக்கு அது சரி. ஆனால் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமான ஐந்து நோய்த் தடுப்பூசி உறைந்து போனாலும் வீணாகிவிடும்.

காலை, மாலை இரண்டு வேளையும் நர்ஸ் டெம்பரேச்சரை நோட்டில் எழுதுகிறார். சரி, நடுராத்திரியில் ஏறினால்? அதற்குத்தான் 'ஈவின்' என்ற ஏற்பாடு. மத்திய சுகாதார அமைச்சகம், ஐ.நா. வளர்ச்சித் திட்ட அமைப்பின் உதவியோடு 2015-ல் ஆரம்பித்தது. 2020 ஆகஸ்டுக்குள் 32 மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் வந்துவிட்டது. பெட்டிக்குள் வைத்த சின்னக் கருவி வெப்பத்தை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால், பொறுப்பானவரின் போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும்.

அளப்பது சுலபம். கஷ்டம் எங்கே தெரியுமா? "11 டிகிரி" என்று வெறும் எண் வந்தால் யாருக்கு என்ன லாபம்? எந்த ஊர், எந்த அறை, எந்தப் பெட்டி, எத்தனை மணிக்கு, யாரை எழுப்ப வேண்டும், இத்தனையும் அந்த எண்ணோடு சேர்ந்து வரவேண்டும். ரிப்பேருக்குப் போன பெட்டிக்குப் பதில் வேறு பெட்டி வந்தால், கருவி இடம் மாறிய விவரத்தையும் உடனே பதிய வேண்டும். இல்லாவிட்டால், காப்பிப்பொடி டப்பாவில் மிளகாய்த்தூளைக் கொட்டிவிட்டு மேலே ஒட்டிய சீட்டை மாற்றாத கதைதான்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பினாலும் ஆபத்து. அரியலூரையே பாருங்களேன். 1995 வரை திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் தனி மாவட்டம். 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் திரும்பவும் தனி. கட்டடம் அசையவே இல்லை, விலாசம் மட்டும் நாலு தடவை மாறிவிட்டது! அதனால் மாவட்டம் மாறினாலும் மாறாத ஓர் அடையாள எண் ஒவ்வொரு பெட்டிக்கும் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஏ.சி.யும் விளக்கும் தானே இயங்கும் பெரிய கட்டடங்களிலும் இதே தலைவலிதான். அங்குள்ள சாமான்களுக்கெல்லாம் ஒரே முறையில் பெயர் சூட்டவும், எது எதோடு சேர்ந்தது என்று குறிக்கவும், அமெரிக்க, டென்மார்க் ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-ல் ஓர் ஏற்பாட்டை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'பிரிக்'. செங்கல்தான்!

அடுத்த முறை ஊசிக்குப் போகும்போது நீங்களும் ஒன்றைக் கவனிக்கலாம். பெரும்பாலான மருந்துப் புட்டிகளில் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ, அதைவிடக் கறுத்தாலோ போடக் கூடாது. ஆனால் உறைந்து கெட்டதை இது காட்டாது. அதை நர்ஸ்தான் பார்க்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

எங்கள் பாட்டி புட்டியை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் குழந்தையின் தொடையை நீட்டவே விட்டார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து, மோர்ச் சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடியே, இதுக்கும் ஒரு போன் வாங்கிக் குடுங்கடி!"