ஆயிரம் பேர் ஏறும் படிக்கட்டு: அனிமேஷனில் கூட்டம் எப்படி நடக்குது?

இன்னைக்கு எபிசோடில் ஒரு சின்ன கேள்வி. படத்தில் ஆயிரம் பேர் ஓடி வர்றாங்க. அத்தனை பேர் காலும் தரையில் சரியா பதியுதே, அது எப்படி?

‘2.0’ ஞாபகம் இருக்கா? 2018-ல வந்தது. செல்போன்கள் ரோடு முழுக்கப் பரவி நகர்ந்து வரும். அதுக்கு முன்னாடி 2010-ல ‘எந்திரன்’ கிளைமாக்ஸில் சிட்டி ரோபோக்கள் சேர்ந்து பந்தாகும், பாம்பாகும். இரண்டு படத்துக்கும் விஎஃப்எக்ஸ் மேற்பார்வை ஸ்ரீனிவாஸ் மோகன். எந்திரனுக்காக தேசிய விருதும் வாங்கினார்.

இப்படிப்பட்ட கூட்டத்தை ஒவ்வொரு உருவமா கையால் நகர்த்தினால் படம் ரிலீஸே ஆகாது. அதனால் உருவங்களுக்கு விதிகளைக் கொடுத்துவிடுவார்கள். 1987-ல கிரெய்க் ரெனால்ட்ஸ் பறவைக் கூட்டத்துக்கு மூணே விதி சொன்னார்: பக்கத்தில் இருப்பவரை இடிக்காதே, அவங்க போற திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. இன்றைய கூட்ட மென்பொருள்கள் பலவற்றுக்கும் இதுதான் அடித்தளம்.

தரை வந்ததும் சிக்கல்

ஆனா பறவைக்கு வானம் இருக்கு. மனுஷனுக்குத் தரை வேணும்.

அண்ணனூர் ரயில் நிலையத்தை 3டியில் செய்றோம்னு வைத்துக்கொள்ளுங்கள். ஆவடி பக்கம் போற மின்சார ரயில் வந்து நிற்குது, கூட்டம் இறங்கி நடைமேம்பாலம் ஏறணும். கம்ப்யூட்டர் ஒவ்வொருத்தருக்கும் மேலே இருந்து ஒரு கற்பனைக் கோட்டைக் கீழே விட்டு, அது எங்கே படுதோ அங்கே நிறுத்தும். மைதானத்தில் இது போதும். இங்கே போதாது. பாலத்துக்கு அடியில் நிற்கிறவரைத் தேடி வானத்திலிருந்து கோடு விட்டால், அது பாலத்தின் மேல்தளத்தில் பட்டுவிடும். மனுஷன் திடீர்னு பாலத்து மேல நிற்பார்! அதனால் கோட்டை அவர் இடுப்பு உயரத்திலிருந்தே விட வேண்டும்.

சுவரில் ஊர்கிற எறும்புக்கு ‘கீழே’ என்பதே வேற. அங்கே பக்கத்தில் இருக்கும் பரப்பைத் தேடி, அந்தப் பரப்பு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கணக்குப் போட்டு, வேகத்தை அதோடு ஒட்டித் திருப்புவார்கள். உடம்பும் கூடவே திரும்பும். மனுஷனுக்கு இதையே செய்தால் மேட்டில் சாய்ந்து நடப்பான், பார்க்கவே காமெடியா இருக்கும். சரிவிலும் நாம நேராகத்தானே நிற்கிறோம்!

படிக்கட்டுக்கு ஒரு தந்திரம் உண்டு. உடம்புக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளம், பாதத்துக்கு மட்டும் நிஜப் படிகள். இடுப்பு குலுங்காமல் ஏறும். பாதம் படியைத் தொட்டதும் அங்கேயே பூட்டி, முழங்காலை அதுக்கேற்ப மடக்கணும். பூட்டலைன்னா எல்லாரும் சோப்புத் தண்ணியில் வழுக்குற மாதிரி இருக்கும்.

திரைக்கு வெளியே

இதே மாதிரி கணக்கு நிஜக் கூட்டத்துக்கும் உதவுது. 1995-ல டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் இருவரும் பாதசாரிகளை ஒருவரையொருவர் தள்ளும் விசைகளாக எழுதிக் காட்டினார்கள். ஒரு கதவு, ஒரு படிக்கட்டு எவ்வளவு பேரைத் தாங்கும் என்று கட்டுவதற்கு முன்பே பார்க்க இப்படிப்பட்ட மாதிரிகள் பயன்படுகின்றன.

இது நமக்கு எதுக்குன்னு கேட்டா, 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசலில் 42 பேர் இறந்தார்கள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் ஒருவர் விழுந்தது தெரியாது, அவர் தள்ளிக்கொண்டேதான் இருப்பார். படத்தில் ரெண்டு உருவம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால், அனிமேட்டர் ஒன்றை அழித்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போயிடலாம். நிஜத்தில் அந்த வசதி இல்லை. அங்கே அகலமாக்க வேண்டியது வழியைத்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.