பீரோ சாவி யாரிடம்?

வங்கியில் டெபாசிட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால், காரியம் முடிந்த கையோடு யாராவது மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, இதுல எது வேணும், எது வேணாம்னு பாத்துச் சொல்லுங்க." பைக்குள் கரண்ட் பில், பழைய ரேஷன் அட்டை, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோகூட இருக்கும். வீட்டு மூலப்பத்திரம் இருக்காது. அது பீரோவில் இருக்கிறதா, அடமானத்தில் இருக்கிறதா என்பது போனவருக்கு மட்டும்தான் தெரியும்.

சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்பார்கள். எல்.ஐ.சி. பாலிசி எடுக்கும்போது மட்டும் யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை!

அதிகச் சண்டை நாமினியால்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்குத் தொடங்கி அம்மா பெயரைக் கொடுத்திருப்பார். பிறகு கல்யாணம் ஆகும், பிள்ளைகள் பிறக்கும். நாமினி மட்டும் மாறாது. அவர் போனதும் வங்கி அந்த அம்மாவிடம்தான் பணத்தைக் கொடுக்கும். "என் பையன் எனக்குன்னு எழுதி வெச்சது" என்பார் மாமியார். அப்படியில்லை. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வங்கிப் பணம் பற்றி 2010-லும், பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட் பற்றி 2023-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில், 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பா அந்த முதல் வரிசையில் இல்லை. இதைச் சொன்னால் பெரியவர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

2025 நவம்பர் முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். மாமியார், மருமகள் இருவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு வாங்கப்போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். என்னிடம் வந்த ஓர் உயிலில் சாட்சிகள் இருவரும் எழுதியவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

மஞ்சள் பையில் நான் முதலில் தேடுவது பாஸ்புக். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. முதலாவதில் 2 லட்சம் வரும்; விபத்தில் இறந்திருந்தால் இரண்டாவதிலும் 2 லட்சம் வரும். வங்கியில் எங்கோ கையெழுத்துப் போட்டதை அவரே மறந்திருப்பார், வீட்டில் யாருக்குத் தெரியும்? பத்து ஆண்டுகள் யாரும் தொடாத டெபாசிட், ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். தேடிப் பார்க்க, 2023-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' இணையதளம் இருக்கிறது.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதியும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் சுப்பிரமணியன், இறப்புச் சான்றிதழில் சுப்பிரமணி என்றிருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். இறந்தவரின் செல்போன் எண்ணை உடனே நிறுத்திவிடாதீர்கள். எந்த வங்கி, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதில் வரும் குறுஞ்செய்திகளில்தான் தெரியவரும். அதற்காக ஏ.டி.எம். கார்டைப் போட்டுப் பணம் எடுக்கக் கூடாது. அது சட்டப்படி தவறு, பின்னால் பங்காளிச் சண்டைக்கும் இடம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கணக்குகள், பாலிசிகள், பத்திரம் இருக்கும் இடம், நகை அடகு ரசீது, கட்டிவரும் சீட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். கைமாத்தாகக் கொடுத்ததையும் வாங்கியதையும் மறைக்காதீர்கள்; ஆண்கள் பலர் மறைக்கிறார்கள். கடன் கொடுத்தவர் காரியத்தன்றே வாசலில் வந்து நிற்பார், கடன் வாங்கியவர் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். பின் நம்பரை மட்டும் எழுத வேண்டாம். எழுதி முடித்ததும் நோட்டு எங்கே இருக்கிறது, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லிவிடுங்கள்.