பிரியமான பிக்கப் வெளியூரில் நொறுங்கினால்: இரண்டு கணக்குகள்

1960-ல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு ஜி.எம்.சி. பிக்கப் வண்டியின் முதுகில் சின்னதாக ஒரு வீட்டை ஏற்றிக்கொண்டு, சார்லி என்ற தன் நாயோடு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வண்டிக்கு அவர் வைத்த பெயர் ரோசினாண்டே. டான் கிஹோத்தே கதையில் வரும் குதிரையின் பெயர் அது. அந்தப் பயணத்தைப் பற்றிய புத்தகம் 1962-ல் வந்தது. வண்டி இப்போது கலிபோர்னியாவின் சலினாஸ் நகரத்தில், அவர் பெயரிலுள்ள மையத்தில் காட்சிக்கு நிற்கிறது.

எல்லா பிக்கப்புக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. ஆனால் பெயர் வைத்துக் கொஞ்சும் பழக்கம் மட்டும் ஸ்டைன்பெக்கோடு நிற்கவில்லை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 2024 கணக்குப்படி 12.6 வருஷம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை கல்லூரிக்குப் போகும் வரை ஒரே பிக்கப் வீட்டில் இருப்பது அங்கே சாதாரணம். வீடு மாற்றியது, மரம் ஏற்றியது, படகு இழுத்தது எல்லாம் அந்த ஒரே வண்டிதான்.

அப்படி ஒரு வண்டி, வீட்டிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, பின்னால் டிரெய்லர் மாட்டிய நிலையில் நொறுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உயிருக்கு ஒன்றும் இல்லை. மோட்டல் அறையில் குடும்பம், யாரோ ஒருவரின் யார்டில் வண்டி. அந்த நேரத்துல மனசு சொல்றது ஒண்ணுதான்: "அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிடலாம்."

இந்தக் குறிப்பு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அதே மாதிரி வாங்கப் பணம் வருமா? அதே மாதிரி வாங்கலாமா? முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டாவதைப் பலரும் கேட்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கு.

முதலில், வண்டி எங்கே நிற்கிறது?

விபத்து நடந்த இடத்திலிருந்து போலீஸ் கூப்பிட்ட டோ டிரக் ஏதோ ஒரு யார்டுக்கு வண்டியைக் கொண்டுபோகும். அங்கே நாள் வாடகை ஓடும். அதனால் இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசும் முதல் அழைப்பிலேயே, வண்டியை அவர்கள் இடத்துக்கு மாற்றச் சம்மதம் என்று சொல்லிவிடுவது நல்லது. வாடகை ஏறினால் அது யார் தலையில் விழும் என்ற தகராறு அப்புறம் வராது.

மாற்றும் முன் யார்டுக்கு ஒருமுறை நேரில் போய்வர வேண்டும். நம்பர் பிளேட், டோல் அட்டை, கேரேஜ் கதவின் ரிமோட், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இருந்தால் வண்டித் திரையில் பதிந்திருக்கும் போன் எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். உள்ளேயும் வெளியேயும் நிறையப் படம் எடுங்கள். டயரின் தேய்மானம், ஓடோமீட்டர், இருக்கையின் நிலை எல்லாம் அடுத்த கட்டத்தில் பேசப்போகும் சாட்சிகள்.

முதல் கணக்கு: என்ன பணம் வரும்?

"டோட்டல் ஆயிடுச்சு" என்றால் வண்டி சுக்குநூறாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சரிசெய்யும் செலவு வண்டியின் மதிப்போடு ஒப்பிடும்போது கட்டுப்படியாகாது என்று அர்த்தம். கோடு எங்கே என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓக்லஹோமாவில் பழுதுச் செலவு மதிப்பில் 60 சதவீதத்தைத் தொட்டால் டோட்டல். பக்கத்து மாநிலமான டெக்சஸில் அது 100 சதவீதம். கலிபோர்னியாவில் சதவீதமே கிடையாது. பழுதுச் செலவோடு உடைசல் விலையைக் கூட்டி, அது வண்டியின் மதிப்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

அந்த "மதிப்பு" எது? புது வண்டியின் விலையும் இல்லை, நீங்கள் செலவழித்த தொகையும் இல்லை. விபத்துக்கு முந்தைய நொடியில் அதே வருஷம், அதே மாடல், அதே மைலேஜ் உள்ள வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான். போன மாசம் புது டிரான்ஸ்மிஷன் போட்டிருந்தாலும் அந்த ரசீதுத் தொகை அப்படியே திரும்பி வராது. வண்டி நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு ஆதாரமாக மட்டும் உதவும். பத்து வருஷம் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட பிரியத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆனால் முதலில் சொல்லும் தொகையே கடைசித் தொகை என்றும் இல்லை. மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒப்பிட்டிருக்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்களுடையது நாலு சக்கர இயக்கம், அவர்கள் எடுத்தது இரண்டு சக்கர இயக்கமா? நீங்கள் வாங்கிய டோயிங் பேக்கேஜ் கணக்கில் வந்திருக்கிறதா? இந்த மாதிரி விடுபடல்கள் சகஜம். ஒத்த வண்டிகளின் விற்பனை விளம்பரங்களை நீங்களும் சேர்த்துக் கொடுக்கலாம். பல பாலிசிகளில் மதிப்பீட்டுப் பிரிவு ஒன்று இருக்கும்: இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, அவர்களும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் தீர்ப்பது.

இன்னும் இரண்டு விஷயம். முதுகில் மாட்டிய மூடி, வின்ச் போன்ற வெளிச்சாமான்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்காவிட்டால் அவற்றுக்குக் கிடைப்பது குறைவாகவே இருக்கும். அடுத்து, டிரெய்லர். அது மோதி அடுத்தவருக்கு வரும் சேதத்தை இழுத்த வண்டியின் பாலிசி பெரும்பாலும் ஏற்கும். டிரெய்லருக்கே வந்த சேதத்துக்கு அதன் பேரில் தனிப் பாலிசி வேண்டும்.

ஏன் ஆட்டம் கண்டது?

இரண்டாவது கணக்குக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரெய்லர் இழுக்கும்போது வரும் விபத்துகளில் கொடுமையானது பக்கவாட்டு ஆட்டம். கொக்கிதான் கீல், அதைச் சுற்றி டிரெய்லர் ஊசல் மாதிரி ஆடும். ஒரு காற்று வீச்சோ, தாண்டிப் போகும் பெரிய லாரியோ அதைத் தொடங்கிவைக்கும். மெதுவாகப் போகும்போது ஆட்டம் தானே அடங்கும். வேகம் கூடக்கூட அடங்கும் சக்தி குறையும். ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிசாகும்.

அந்த ஆபத்தான வேகம் எவ்வளவு என்பதைப் பாரம் ஏற்றிய விதமும் தீர்மானிக்கிறது. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே தூக்கும். முன்பாரம் கூடினால் கழுத்தை அழுத்தும். டிரெய்லரும் அப்படித்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் வால் ஆடும். கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்கள் லேசாகும். ஸ்டியரிங் பிடிமானம் போகும்.

ஆட்டம் வந்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, வேகத்தையும் கூட்டக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அதற்கான சின்னப் பெட்டி டாஷ்போர்டில் இருக்கும்.

இரண்டாவது கணக்கு: மஞ்சள் ஸ்டிக்கர்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன். "11,000 பவுண்டு இழுக்கும்!" இந்த எண் பொய் இல்லை. ஒருகாலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. டொயோட்டா 2011 மாடலிலேயே அதை ஏற்றது. டன்ட்ராவின் எண் பல நூறு பவுண்டு இறங்கியது. மற்ற பெரிய கம்பெனிகள் 2015 மாடல்களோடு வந்து சேர்ந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 3,000 அடி ஏறும் ஒரு மலைச்சாலை உண்டு. கடும் வெயிலில், ஏ.சி.யை முழுசாக ஓடவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் அதில் ஏற வேண்டும் என்பது அந்தச் சோதனையின் ஒரு பகுதி.

ஆனால் இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்வது தலா 150 பவுண்டுள்ள இரண்டே பேரை. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, முதுகில் சாமான் இல்லை. உண்மையில் குடும்பம் அப்படியா கிளம்பும்?

உங்களுக்கான எண் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில், மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சடித்திருக்கும். இதுதான் பேலோடு. கொக்கியில் இறங்கும் எடையும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கர் சொல்வது 1,540 பவுண்டு. நாலு பேர் குடும்பம் 560. கொக்கிச் சாமான் 90. முதுகு மூடி 180. ஜெனரேட்டர், ஐஸ்பெட்டி, கருவிகள் 210. மொத்தம் 1,040. மிச்சம் 500 பவுண்டு. டிரெய்லர் எடையில் 12.5 சதவீதம் கொக்கியில் இறங்கினால், இந்த 500 தாங்கும் டிரெய்லர் 4,000 பவுண்டுதான். விளம்பரத்தில் பார்த்தது 11,000!

டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடையோ காலி எடை. 40 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 330 பவுண்டு கூடும். பாத்திரம், படுக்கை, சைக்கிள் எல்லாம் ஏறி அது 7,000 ஆகிவிட்டால் கொக்கியில் இறங்குவது 875. அதாவது வண்டி 375 பவுண்டு அதிகம் சுமந்துகொண்டு மலை இறங்குகிறது. எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது, ஜோராக இழுக்கும். பின் அச்சுக்கும் டயருக்கும் தெரியும்.

ஆகவே, அடுத்த வண்டி பார்க்கும் முன் பழைய வண்டியின் ஸ்டிக்கரை வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். யார்டுக்குப் போகும்போது அதையும் படமெடுக்கச் சொல்வது இதற்குத்தான். கணக்கு உதைத்தால், விபத்துக்கு அது காரணமோ இல்லையோ, அதே மாதிரி வண்டி வாங்குவது அதே சுமையை மறுபடி அதே தோளில் ஏற்றுவதுதான்.

எதை வாங்குவது?

வழி இரண்டு. பிரியம் வண்டி மேல் என்றால் டிரெய்லரைக் குறையுங்கள். பிரியம் டிரெய்லர் மேல் என்றால் வண்டியைக் கூட்டுங்கள்.

கூட்டும்போதும் பெயரை நம்ப வேண்டாம். எஃப்-150, சில்வராடோ 1500 வகைகளை "அரை டன்" என்றும், எஃப்-250, 2500 வகைகளை "முக்கால் டன்" என்றும் சொல்வது பழைய வழக்கம். டீசல் எஞ்சினே கனமானது என்பதால், மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்கும் ஒரு முக்கால் டன் டீசல் வண்டி, நன்றாகத் தேர்ந்தெடுத்த அரை டன் வண்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் சுமக்கும். கண்ணாடிக் கூரை, சொகுசு இருக்கை ஏற ஏறப் பேலோடு இறங்கும். ஒரே பெயர், ஒரே வருஷம், இரண்டு வண்டிக்கு நடுவில் பல நூறு பவுண்டு வித்தியாசம் வரும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்க."

அங்கேயே வாங்குவதா, ஊருக்குப் போய் வாங்குவதா? சாதாரண வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் டிரெய்லர் இழுக்க அனுமதிப்பதில்லை. அதனால் டிரெய்லரை இழுத்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரம்தான் தப்பான வண்டியை வாங்கவைக்கிறது. டிரெய்லர் பிழைத்திருந்தால் அதன் சட்டத்தையும் அச்சையும் ஒரு பட்டறையில் பார்க்கச் சொல்லி, அங்கேயே மாத வாடகைக்கு நிறுத்தலாம். ஒருவழி வாடகைக் காரில் வீட்டுக்கு வந்து, நிதானமாக வண்டி தேடி, மறுபடி போய்க் கூட்டிவரலாம். கூடுதல் செலவுதான். ஆனால் தப்பான பிக்கப்பை ஏழெட்டு வருஷம் வைத்திருப்பதோடு ஒப்பிட்டால் பெரிசில்லை. வெளிமாநிலத்திலேயே வாங்கினால் தற்காலிக நம்பர் பிளேட்டோடு ஓட்டி வந்து, பதிவையும் வரியையும் பொதுவாகச் சொந்த மாநிலத்தில் முடிக்கலாம்.

புது வண்டி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, குடும்பத்தையும் சாமானையும் ஏற்றி, டிரெய்லரையும் மாட்டி, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடைக்கு ஓட்டிப்போவது. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனி எண்ணோடு சீட்டு தருவார்கள். டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை. இரண்டு சீட்டையும் கதவு ஸ்டிக்கர்களோடு ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் நிதானமாக வண்டிக்குப் பெயர் வைக்கலாம்.