சாவு வீட்டுல இருந்து ரிசப்ஷன் வரை... பறை தமிழர் அடையாளம் ஆனது எப்படி?

ராஜபாளையத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை என்ட்ரிக்கு டிஜே வருவார்னு பார்த்தா, கறுப்பு டி-ஷர்ட் போட்ட பசங்க பறையோட வந்து நின்னாங்க. முதல் அடி விழுந்ததும் மண்டபமே மொபைலைத் தூக்கிடுச்சு. பக்கத்துல இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவர் மட்டும் அசையல. அவரோட அப்பாவும் இதே தப்பு அடிச்சவராம். ஆனா கல்யாணத்துக்கு இல்ல, சாவுக்கு.

பறை ரொம்பப் பழசு. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்கள்ல பறையையும் சேர்த்திருக்கு தொல்காப்பியம். 'பறைதல்'னா சொல்லுதல், மலையாளத்துல இன்னிக்கும் அதே அர்த்தம்தான். ஆனா பிற்காலத்துல அது ஒரு சாதி மேல சுமத்தின கட்டாய வேலை ஆகிடுச்சு. இழவுக்கு அடிக்கணும், தண்டோரா போடணும், மாட்டேன்னு சொல்ல முடியாது. தண்டோராவுக்குத் தமிழக அரசு தடை போட்டதே 2022-லதான்னா பார்த்துக்கோங்க. அதனால 'இனி அடிக்க மாட்டோம்'னு பறையைத் தூக்கிப் போட்டதுதான் பல ஊர்கள்ல முதல் போராட்டம்.

அடுத்த கட்டம் நேரெதிர். கட்டாயத்துக்கு அடிச்சாத்தானே அவமானம், நாமளே விரும்பி மேடையில அடிச்சா அது கலைதானேன்னு யோசிச்சாங்க. 1990-கள்ல திண்டுக்கல் சக்தி கலைக்குழுவுல தலித் பெண்களே பறையைக் கையில எடுத்தாங்க. ஆண்கள் மட்டுமே அடிச்ச கருவி அது!

பறைக்கு மைக் வேணாம், கரன்ட் வேணாம். தீயில காட்டித் தோலை இறுக்கினாப் போதும், தெரு முழுக்கக் கேட்கும். நடந்துக்கிட்டே, ஆடிக்கிட்டே அடிக்கலாம். போராட்டத்துக்கு இதைவிடத் தோதான வாத்தியம் எது? 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துல ஒலிச்சப்போ அது ஒரு சாதியோட மேளமா இல்லாம, 'நம்ம' சத்தமா மாறிடுச்சு. கனடா, சிங்கப்பூர்த் தமிழர் விழாக்கள் வரைக்கும் போயிடுச்சு. 2025-ல அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ.

பிரேசில்ல சம்பாவுக்கும் இதே கதைதான். ரியோவோட ஏழைக் கறுப்பின மக்கள்கிட்ட போலீஸ் கெடுபிடியில வளர்ந்த இசையை, 1930-கள்ல அரசே தேசிய அடையாளமா தூக்கிப் பிடிச்சது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு பாஸ். 'தமிழர் இசை'ன்னு சொல்றப்போ, அதை இத்தனை காலம் காப்பாத்தினது யாரோட கைங்கிறது சத்தமில்லாம காணாமப் போகுது. மண்டபத்துல ரீல்ஸ் எடுக்குற அதே ஊர்ல, சாவுக்கு அடிக்க வர்றவரை இன்னும் ஒருமையில கூப்பிடுறவங்களும் இருக்காங்க. மரியாதை கருவிக்கு வந்த அளவுக்கு ஆளுக்கு வரல.

பெரியவரோட பேரன் காலேஜ்ல பறை கத்துக்கப் போறேன்னு சொன்னானாம். வீட்டுல பாதிப் பேர் வேணாம்னாங்களாம். 'நீங்க என்னய்யா சொன்னீங்க?'ன்னு கேட்டேன். பதில் சொல்லல. விரல் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு.