எடைக்குப் போடும் முன் ஏட்டைப் பாருங்கள்

பொன்னுக்கும் வெள்ளிக்கும் நாள்தோறும் விலை அறிவிக்கப்படுகிறது. நிலத்திற்கு அரசின் வழிகாட்டி மதிப்பு உண்டு. பங்குகளின் விலையோ நொடிக்கு நொடி திரையில் ஓடுகிறது. ஆனால், தாத்தாவின் மரப்பெட்டியில் உறங்கும் பழைய நூல்களுக்கு விலைப்பலகை எங்கே இருக்கிறது? அப்படி எதுவும் இல்லை என்று எண்ணுவோர் அவற்றைப் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடுகின்றனர்.

ஐதராபாத் ஆபிட்ஸ் பகுதியில் ஞாயிறுதோறும் நடைபாதையில் விரிக்கப்படும் பழைய நூற்கடைகளை அறியாத வாசகர் இந்நகரில் இரார். அங்கு வந்து சேரும் நூல்களில் பல, வீடு மாறும்போதோ பெரியவர் ஒருவர் மறைந்தபோதோ கழிக்கப்பட்டவை. செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதலான இடர் ஒன்று உண்டு. தமிழ் படித்த தலைமுறை சேர்த்த நூல்கள், தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. தலைப்பையே படிக்க இயலாதவர் அதன் மதிப்பை எவ்வாறு அறிவார்?

அரிய நூல்களுக்கும் விலைப்பதிவுகள் உள்ளன. அமெரிக்க ஏலங்களில் நூல்கள் பெற்ற விலைகளைத் தொகுக்கும் ‘அமெரிக்கன் புக் பிரைசஸ் கரண்ட்’ என்னும் ஆண்டுத்தொகுதி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அன்று தடித்த தொகுதிகளில் தேட வேண்டியிருந்ததை இன்று கணினியில் சில நொடிகளில் தேடலாம்.

மூவகைப் பதிவுகள்

இத்தரவுத்தளங்களை மூன்றாகப் பிரித்து அறிதல் நலம். முதல் வகை, ஒரு நூலின் படிகள் எந்த நூலகங்களில் உள்ளன என்று காட்டுவது. ‘வேர்ல்டுகேட்’ இவ்வகையைச் சார்ந்தது. இரண்டாம் வகை, விற்பனையாளர்கள் கேட்கும் விலையைக் காட்டுவது. ‘ஏப்புக்ஸ்’ தளமும், பல தளங்களை ஒருங்கே தேடித்தரும் ‘வயாலிப்ரி’யும் இதற்குச் சான்றுகள். மூன்றாம் வகை, ஏலத்தில் உண்மையாகவே கிடைத்த விலையைப் பதிவது. ‘ரேர் புக் ஹப்’ போன்ற தளங்கள் சந்தா பெற்றுக்கொண்டு இப்பதிவுகளை அளிக்கின்றன.

இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் ஒன்றாகக் கருதுவதே பலருக்கு ஏமாற்றம் தருகிறது. ஒருவர் தம் வீட்டிற்கு ஒரு கோடி ரூபாய் கேட்கலாம்; அது பத்திரப்பதிவில் ஏறிய விலை ஆகாது. நூலும் அப்படித்தான். பல ஆண்டுகளாக விலைபோகாமல் பட்டியலில் கிடக்கும் நூலின் ‘கேட்கும் விலை’, அந்த விலைக்கு அதனை வாங்க எவரும் முன்வரவில்லை என்பதையே காட்டுகிறது.

ஏல விலையிலும் நுணுக்கம் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு நூல் 1,000 பவுண்டுக்கு ஏலம் போகிறது என்று கொள்வோம். வாங்குபவர் ஏல நிறுவனத்திற்கு 25 விழுக்காடு கட்டணம் செலுத்தினால் அவருக்கான செலவு 1,250 பவுண்டு. விற்பவரிடம் 15 விழுக்காடு தரகு பிடித்தால் அவர் கைக்கு வருவது 850 பவுண்டு. விற்பனை ஒன்றே; தொகைகள் மூன்று. தரவுத்தளத்தில் நீங்கள் காண்பது இவற்றுள் எது என்று முதலில் தெளிய வேண்டும். விற்பனை நடந்த ஆண்டையும் அன்றைய நாணய மாற்று மதிப்பையும் கருதாமல் ரூபாய்க் கணக்குப் போடுவதும் பிழையாகும்.

ஒரே பெயர், வேறு பொருள்

ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997இல் வெளிவந்தபோது கெட்டி அட்டையில் 500 படிகளே அச்சிடப்பட்டன. அவற்றுள் நன்னிலையில் இருந்த ஒரு படி, 2021 டிசம்பரில் அமெரிக்க ஏலம் ஒன்றில் 4,71,000 டாலருக்கு விற்றது. அதே தலைப்பில் பின்னர் அச்சான இலட்சக்கணக்கான படிகளுக்குச் சாதாரணப் பழைய நூலின் விலையே கிடைக்கும். ஆகவே தலைப்பு ஒத்திருந்தால் போதாது. பதிப்பு, பக்கங்களின் முழுமை, படங்கள், கட்டமைப்பு, பூச்சி அரிப்பு, முன்னாள் உரிமையாளரின் கையொப்பம் ஆகிய அனைத்தும் ஒத்திருக்கும்போதுதான் ஒரு விலைப்பதிவு நமக்குச் சான்றாகும்.

தமிழ் நூல்களைத் தேடுவோர்க்கு வேறு இரு தடைகள் உள்ளன. ஒன்று எழுத்துப்பெயர்ப்பு. உலக நூலகப் பட்டியல்கள் பலவற்றில் சிலப்பதிகாரம், ஆங்கில அகரவரிசையின் மூன்றாம் எழுத்தில் தொடங்குகிறது. நாம் வழக்கமாக எழுதும் முறையில் தேடினால் உ.வே.சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த நூல்கூட ‘இல்லை’ என்று தோன்றக்கூடும். மற்றொன்று ஆண்டு. பழைய தலைப்புப் பக்கங்கள் சிலவற்றில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். ‘விரோதி’ என்றிருந்தால் அது 1889ஆ, 1949ஆ என்பதை அச்சகத்தின் பெயர், எழுத்தின் அமைப்பு, தாளின் தன்மை ஆகியவற்றைக் கொண்டே துணிய வேண்டும்.

விலைத்தளங்களில் தமிழ் நூல்கள் குறைவு. பதிவு இல்லாமை மதிப்பின்மைக்குச் சான்று ஆகாது. நம்மிடையே கைமாறும் நூல்கள் பெரும்பாலும் பதிவின்றியே கைமாறுகின்றன என்பதே அதன் பொருள். அங்கு கிடைக்காதவற்றுக்கு நம் நாட்டுப் பட்டியல்கள் உதவும். ஜான் மர்டாக் தொகுத்த தமிழ் அச்சு நூற்பட்டியல் 1865இல் வெளிவந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியான காலாண்டுப் பட்டியல்களில் நூலின் பக்க அளவு, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை, அன்றைய விலை ஆகியவையும் குறிக்கப்பட்டன. எத்தனை படிகள் அச்சாயின என்ற விவரம், அருமையை அளக்க ஏற்ற அளவுகோலன்றோ?

பதிவே பட்டா

பதிவுகளின் பயன் விலையோடு நின்றுவிடுவதில்லை. சீகன்பால்கு தமிழில் பெயர்த்து, 1715இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டின் படி ஒன்று தஞ்சை சரசுவதி மகாலில் இருந்தது. இரண்டாம் சரபோஜி மன்னரின் கையொப்பம் கொண்ட அந்நூல் 2005இல் காணாமற்போயிற்று. வெளிநாட்டுச் சேகரிப்புகளின் இணையத்தளங்களை ஆராய்ந்த தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர், இலண்டனிலுள்ள சேகரிப்பு ஒன்றில் அதனைக் கண்டறிந்ததாக 2022 ஜூலையில் அறிவித்தனர். அடையாளங்கள் எழுத்தில் இருந்தமையால்தான் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னரும் ‘இது எங்களுடையது’ என்று உரிமை கோர முடிந்தது. நிலத்திற்குப் பட்டா எப்படியோ, அரிய நூலுக்குப் பதிவு அப்படி.

முழுச் சேகரிப்புக்கும் இது பொருந்தும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பின் சிதறிப்போகாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, இன்று சென்னையில் அவர் பெயராலேயே ஆய்வு நூலகமாக விளங்குகின்றன. ஐதராபாத்திலும் அப்துஸ் சமத் கான் திரட்டிய உருது நூல்களும் இதழ்களும், சிகாகோ உள்ளிட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணையுடன் சுந்தரய்யா விஞ்ஞான கேந்திரத்தில் இடம்பெற்றன. தனித்தனியே எடைக்கும் சில்லறைக்கும் போயிருந்தால் இவ்விரு திரட்டுகளின் பெயரே மறைந்திருக்கும்.

நீங்கள் செய்யத்தக்கவை

பெட்டியைத் திறந்ததும் விலை தேட வேண்டாம். முதலில் ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, அச்சகம், பக்கங்கள், குறைகள் ஆகியவற்றை ஒரு பட்டியலில் எழுதுங்கள். தலைப்புப் பக்கத்தையும் கையொப்பங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நூலகப் பட்டியல்களிலும், அதன்பின் ஏல விலைத் தளங்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே விற்பனையை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துக் காண்பதே நலம். ஒட்டுநாடாவால் கிழிசலை ஒட்டுவதும், பழைய கட்டமைப்பைப் பிரித்துப் புதிது செய்வதும் மதிப்பைக் குறைத்துவிடும்.

சட்டத்தையும் மறவாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புடைய, 75 ஆண்டுகளுக்குக் குறையாத கையெழுத்துப் படிகள் தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. தனிநபர் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றமாகும். தொல்பொருள் வணிகம் செய்வோர்க்கு உரிமம் வேண்டும். இணையத்தில் நல்ல விலை கேட்கப்படுகிறது என்பதற்காக ஓலைச்சுவடியை அயல்நாட்டு முகவரிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

நகைக்குக் கடன் தரும் வங்கிகள் பொதுவாக நூலுக்குக் கடன் தருவதில்லை. காற்றோட்டமற்ற பாதுகாப்புப் பெட்டகமும் தாளுக்கு உகந்த இடமன்று. எனவே நூல்கள் காற்றோட்டமுள்ள அலமாரியில் இருக்கட்டும். அவற்றின் பட்டியலை மட்டும் உயிலோடும் நியமனப் படிவங்களோடும் ஒரே உறையில் வைத்துவிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கு விளங்கும் மொழியிலும் அதன் படி ஒன்று இருக்கட்டும்.