சில்லறைக் காசில் சலித்த மண்

1943 கோடையில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆய்வு மாணவர் மீண்டும் வந்து சேர்ந்தார். முதுகில் கோளாறு என்று ராணுவம் திருப்பி அனுப்பிய ஆள். உதவித்தொகை மாதம் 40 டாலர். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன் மருத்துவர் அல்லர். தொழு உரத்தையும் மட்கிய சருகையும் ஆராய்ந்து பேர் வாங்கிய மண்ணியலாளர். பென்சிலினுக்கு அசையாத கிருமிகளை மண்ணில் வாழும் ஏதாவது ஒரு நுண்ணுயிர் கொல்கிறதா என்று பார்ப்பதுதான் ஷாட்ஸுக்கு வேலை. அக்டோபர் 19 அன்று அப்படி ஒன்று சிக்கியது. அது சுரந்த பொருள்தான் ஸ்ட்ரெப்டோமைசின், காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக். திரும்பி வந்தது முதல் அந்த நாள் வரை ஷாட்ஸ் கை நீட்டி வாங்கிய உதவித்தொகை 200 டாலரைத் தாண்டியிருக்காது.

இவ்வளவு சொற்பக் காசில் இது எப்படி முடிந்தது? விடையில் பாதி மண்ணிலேயே இருக்கிறது.

நல்ல தோட்ட மண் ஒரு கிராம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் ஆக்டினோமைசீட்ஸ் என்றொரு கூட்டம். பாக்டீரியாதான் என்றாலும் பூஞ்சையைப் போல இழை இழையாக வளரும். மற்ற உயிர்கள் எளிதில் செரிக்க முடியாத வைக்கோல், சருகு, பூச்சி ஓடு ஆகியவற்றைச் சிதைத்து மண்ணுக்குத் திருப்பித் தருவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்கும் முக்கியக் காரணம் இவைதான். அந்த வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்து, 1965-இல் ஜியோஸ்மின் என்று பெயரிட்டவர்களும் ரட்கர்ஸ் ஆய்வாளர்களே. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்த மணம் நமக்காகப் பரப்பப்படுவதில்லை. மண்ணில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற குட்டி உயிர்கள் அந்த வாசனையைப் பிடித்து வருகின்றன, ஆக்டினோமைசீட்ஸைத் தின்கின்றன, உடம்பில் ஒட்டிய வித்துகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது.

இப்படி இரைக்கும் இடத்துக்கும் போட்டி நிறைந்த மண்ணில், பக்கத்து உயிரை வளரவிடாமல் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கத்தானே வேண்டும்? அவற்றைத் தேடிப் பார்க்கலாம் என்று துணிந்தவர், வாக்ஸ்மனிடமே படித்த ரெனே துபோ. நிமோனியாக் கிருமியைச் சுற்றியிருக்கும் உறையைத் தின்னும் ஒரு பாக்டீரியாவை 1930-இல் நியூஜெர்சியின் சதுப்பு மண்ணிலிருந்து எடுத்தார். 1939-இல் கிருமிக்கொல்லி ஒன்றையே மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்துக் காட்டினார். மாணவர் செய்ததைப் பார்த்துத்தான் ஆசிரியர் தன் ஆய்வகம் முழுவதையும் இந்தப் பக்கம் திருப்பினார்.

விடையின் மறுபாதி, தேடும் முறையில் இருக்கிறது. அதற்கு வேண்டிய சாமான் மிகக் குறைவு. ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அதை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, அகர் பூசிய கண்ணாடித் தட்டில் பரப்ப வேண்டும். சில நாளில் புள்ளி புள்ளியாகக் காலனிகள் முளைக்கும். அவற்றில் ஒன்றைக் கம்பி முனையில் தொட்டு, புதிய தட்டில் ஒரு கோடாக இழுக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே நோய்க்கிருமிகளை இழுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறுக்குக் கோடு நடுக்கோட்டைத் தொடும்வரை வளர்ந்திருந்தால் தட்டைக் கழுவிவிடலாம். நடுக்கோட்டுக்கு முன்பே வெட்டவெளி விட்டு நின்றுபோயிருந்தால், அங்கே ஏதோ ஒன்று சுரந்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் சுரந்ததாக ஷாட்ஸ் கண்ட ஒரே இனத்தின் இரண்டு காலனிகளில் ஒன்று நன்கு எருவிட்ட வயல் மண்ணிலிருந்து வந்தது; மற்றது ஒரு கோழியின் தொண்டையைத் துடைத்து எடுத்த மாதிரியிலிருந்து. கோழி மாதிரி இருந்த தட்டை அவருக்குக் கொடுத்தவர் டோரிஸ் ஜோன்ஸ் என்ற சக மாணவி.

காசநோய்க் கிருமியோடு வேலை என்பதால் ஷாட்ஸின் இடம் கட்டடத்தின் அடித்தளத்தில். மருந்தைப் பிரித்தெடுக்கும் வடிகலன்கள் இரவெல்லாம் ஓடும். குடுவையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அங்கேயே படுத்துக்கொள்வாராம். திரவம் கோட்டுக்குக் கீழே இறங்கினால் இரவுக் காவலாளி வந்து எழுப்புவார். ஷாட்ஸ் எழுந்து திரவத்தை நிரப்பிவிட்டு மறுபடி படுப்பார். இதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்த 40 டாலர் வாங்கித் தந்தது இந்த விழிப்பைத்தான்.

ஆனால் 200 டாலரில் காசநோய் மருந்து என்று இந்தக் கதையைச் சுருக்கினால் கணக்கு தப்பாகிவிடும். வாக்ஸ்மன் சொன்ன கணக்கு வேறு: ஏறக்குறைய 10,000 நுண்ணுயிர்களைச் சோதித்தால் 1,000 கிருமியைத் தடுக்கும்; 100 அந்தத் தடுக்கும் பொருளைத் திரவத்தில் விடும்; 10-இல்தான் அதைப் பிரித்தெடுக்க முடியும். வென்ற ஒன்றுக்குப் பின்னால் கழுவி வைத்த தட்டுகள் அத்தனை. இன்னொன்றும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ் என்ற இந்த இனத்தை வாக்ஸ்மன் மாணவராக இருந்த 1915 வாக்கிலேயே மண்ணிலிருந்து பிரித்துப் பார்த்திருந்தார். இனம் ஒன்றானாலும் எல்லா வகையும் மருந்தைச் சுரந்துவிடுவதில்லை. பெயரை வைத்து முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

பெரும்பணம் அதற்குப் பிறகு வந்தது. அதுவும் வேண்டித்தான் இருந்தது. மேயோ மருத்துவமனையின் ஃபெல்ட்மனும் ஹின்ஷாவும் கினிப்பன்றிகளில் சோதித்தார்கள். மெர்க் நிறுவனம் டன் கணக்கில் திரவம் காய்ச்சியது. போரில் நொடித்த பிரிட்டனில் மருந்து வாங்க டாலர் இல்லை. எல்லோருக்கும் போதாததை யாருக்குக் கொடுப்பது என்ற நெருக்கடியில்தான், நோயாளிகளைச் சீட்டுப்போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் சோதனை நடந்தது. 1948-இல் வெளியான அந்த முடிவு இன்றைய மருந்துச் சோதனைகளுக்கெல்லாம் முன்மாதிரி. ஒற்றை மருந்தாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. கூட்டு மருந்தாக எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை தேடியதில் 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்ட்ரெப்டோமைசினையும் ஐசோநியாசிட் என்ற இன்னொரு மருந்தையும் வாரம் இரண்டே முறை, கண்முன்னே கொடுத்தாலும் போதும் என்று அந்த மையம் 1964-இல் காட்டியது.

பென்சிலின் கதையும் இதே அச்சுதான். 1939-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஹோவர்ட் ஃப்ளோரி பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகத்திடம் 100 பவுண்டு கேட்டார். முதலில் கிடைத்தது 25.

ஸ்ட்ரெப்டோமைசின் பணமாகக் கொட்டத் தொடங்கியதும் சண்டையும் வந்தது. காப்புரிமைத் தொகையில் பேராசிரியர் பங்கு பெறுவது தெரிந்ததும் ஷாட்ஸ் 1950-இல் வழக்குப் போட்டார். சமரசத்தில் அவரும் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டு, 3 சதவீதம் கிடைத்தது. 1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. சிறு உதவித்தொகையில் உழைக்கிறவரின் பெயரை முதல் நாளிலேயே ஒழுங்காக எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே வாக்ஸ்மன் தன் பங்கில் பாதியைப் போட்டு 1951-இல் நுண்ணுயிரியல் ஆய்வுகளுக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1957-இல் ஜப்பானிலும் அவர் பெயரில் ஒன்று எழுந்தது. மண் ஈன்ற பணம் சிறு மானியங்களாக மறுபடி ஆய்வுக்கே போனது.

தேடல் முடிந்துவிடவில்லை. மண் நுண்ணுயிர்களில் நூற்றுக்கு ஒன்றுகூட ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. அப்படியானால் தட்டை மண்ணுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று யோசித்தார்கள் பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவா எப்ஸ்டைனும் கிம் லூயிஸும். சிறு துளைகள் போட்ட பிளாஸ்டிக் பட்டையில், துளைக்கு ஒரு செல் வீதம் இட்டு, இரு பக்கமும் சவ்வால் மூடி மண்ணில் புதைத்தார்கள். சத்து உள்ளே வரும், செல் வெளியே போகாது. அடம்பிடித்த நுண்ணுயிர்கள் வளரத் தொடங்கின. மெய்ன் மாநிலத்துப் புல்வெளி மண்ணிலிருந்து டெய்க்சோபாக்டின் என்ற புதிய ஆன்டிபயாடிக்கை அவர்கள் 2015-இல் அறிவித்தார்கள்.

நம் நாட்டிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பைராக் நிறுவனம், யோசனை அளவில் நிற்கும் ஆய்வுகளுக்கு 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இப்படித் தொடக்கநிலைக்குக் கொடுக்கும் பணத்தை எதை வைத்து எடைபோடுவது? பத்தாயிரத்தில் எது பலிக்கும் என்று மண் முன்கூட்டிச் சொல்வதில்லை, யோசனைகளும் சொல்வதில்லை. அதனால் ஒருவரிடம் மொத்தமாகக் கொட்டுவதைவிடப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, பலித்ததைத் தூக்கிவிடப் பெரும்பணத்தைத் தனியே வைத்திருப்பதே விவேகம். ஆண்டு இறுதியில் அவர்களிடம் “என்ன கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டால் பெரும்பாலோர் தலைகுனிய வேண்டியிருக்கும். “எத்தனை தட்டு பார்த்தீர்கள்? பலிக்காததையும் எழுதி வைத்தீர்களா?” என்று கேட்பவர்தான் மானியம் கொடுக்கத் தெரிந்தவர்.