வெள்ளம் வடிந்த பிறகு வரும் நோய்களும் கேட்டு வாங்க வேண்டிய உரிமைகளும்

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் இலங்கையில் கரை கடந்தபோது கண்டியைச் சுற்றிய மலைகள் இடிந்து விழுந்தன. மகாவலி பெருகி கம்பளை நகரம் மூழ்கியது. பேராதனையிலும் கெட்டம்பேயிலும் ஆறு எது, வீதி எது என்று தெரியவில்லை. நாடு முழுவதும் இறந்தோர் தொகை 640ஐத் தாண்டியது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் கண்டி மாவட்டத்தில் இறந்தவர்கள். நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. மாவட்டங்களுள் அதிகச் சேதம் கண்டிக்குத்தான், ஏறத்தாழ 69 கோடி டொலர்.

இந்தக் கணக்கில் வராத இழப்புகளும் இருக்கின்றன. சேறு வழித்தபோது தொற்றிய எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதாகிறவர், கிளினிக் கொப்பி மண்ணோடு போனதால் நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டுக் காலை இழக்கிறவர், மழை இரைச்சல் கேட்டாலே நடு இரவில் எழுந்து உட்காரும் பிள்ளை ஆகியோர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மலை சரிவதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் இவற்றைத் தடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஓர் அலுவலர் இருக்கிறார். அவரிடம் கேட்பது நமது உரிமை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எலிக்காய்ச்சலில் இருந்து தொடங்குவோம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் கிருமி உயிரோடு இருக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலே உள்ளே போய்விடும். வீடு கழுவியவர், வயலில் இறங்கியவர், மரக்கறித் தோட்டத்து மண்ணை அள்ளியவர் எல்லோருக்கும் ஆபத்து உண்டு. நோய் வெளிப்படப் பொதுவாக ஒன்று, இரண்டு வாரங்கள் ஆகும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதனால்தான் "வெள்ளம் போய் இவ்வளவு நாளாகிவிட்டதே" என்று நினைத்து ஏமாந்து போகிறோம். கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலைத் தொடவே முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மழைக்குப் பின் என்னவென்று தெரியாத காய்ச்சலில் பலர் இறந்தார்கள். பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. ஆரம்பத்திலேயே வந்தால் சாதாரண நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தே போதும்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. சேற்றிலும் வயலிலும் வேலை செய்பவர்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற மாத்திரையை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் இலவசமாகக் கொடுக்கிறது. உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ., இதற்குப் பொறுப்பு. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரை பொருந்தாது. அதனால் பக்கத்து வீட்டில் வாங்கி விழுங்காமல் அவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். காலில் பூட்ஸ் இல்லாதவர் ஒரு பொலித்தீன் பையையாவது சுற்றிக்கொள்ளட்டும். காயத்தைத் துணியால் மூடுவது மட்டும் போதாது, நீர் புகாதபடி மூட வேண்டும்.

டெங்கு இன்னும் தாமதித்து வரும். மே மாதத்தில் வெள்ளம் வந்த 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000 பேருக்கு டெங்கு பதிவானது. உச்சம் வந்தது ஜூலையில். உடைந்த கூரைத் தகடு, மண்ணில் பாதி புதைந்த வாளி, நிவாரணமாக வந்து வெறுமையான போத்தல், எல்லாமே நுளம்புக்குத் தொட்டில். காய்ச்சல் தொடங்கியதும் பனடோலைத் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் எடுக்க வேண்டாம். இபுபுரொபென், டைக்ளோபெனாக், அஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை அவசியம். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது. வயிற்று வலி, தொடர் வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் கண்டால் அரச மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், அதற்குக் காசில்லை.

தண்ணீர் விஷயத்தில் தேயிலைத் தோட்டங்களின் நிலை நகரத்தைவிட மோசமானது. புயலுக்குப் பின் கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் குழாய்நீர் தடைப்பட்டபோது பவுசர் வந்தது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலைப் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் பலவற்றுக்குத் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாகவோ பீலியிலிருந்தோதான் வருகிறது. மண் சரிந்தால் ஊற்று கலங்கும், குழாய் உடையும், மேட்டிலுள்ள கழிவறைக் குழிக் கழிவு பீலிக்கே இறங்கும். தெளிந்து தெரிகிறதே என்று நம்பக்கூடாது. கொதித்த பிறகே குடியுங்கள். கிணறாக இருந்தால் முழுவதுமாக இறைத்துவிட்டு பி.எச்.ஐ. வந்து குளோரின் இட்ட பிறகே பயன்படுத்துங்கள். ஊற்று நீரைச் சோதித்துத் தரும்படி சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுத்தில் கேட்கலாம். தனியாகக் கேட்பதைவிட ஒரு லயனே சேர்ந்து கையெழுத்திட்டுக் கேட்பது நல்லது. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனியைக் கரைத்துக் கொடுத்தபடியே மருத்துவமனைக்குப் போகலாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். நிவாரணமாக வரும் பால்மாவைக் கலங்கல் நீரில் கரைத்தால் அந்தப் பாலே நோயைக் கொண்டுவரும்.

நாட்பட்ட நோயாளிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர் ஒரு வாரம் நிறுத்தினாலே ஆபத்து. கிளினிக் கொப்பி போய்விட்டது, அடையாள அட்டை போய்விட்டது, இனி எப்படிப் போவது என்று தயங்கிப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இலங்கையில் அரச மருத்துவமனைச் சிகிச்சை இலவசம். அடையாள அட்டை இல்லை என்பதற்காக ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது. பழைய கிளினிக்குக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. தங்கியிருக்கும் முகாமுக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் என்ன நோய், என்ன நிறத்து மாத்திரை, எத்தனை வேளை என்று சொன்னாலே புதிய கொப்பி போடுவார்கள். கர்ப்பிணிகள் இடம் மாறியிருந்தால், தங்கியிருக்கும் இடத்தின் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே பதிய வேண்டும்.

மனத்துக்கு வருகிற காயத்தை நம்மவர் இன்னமும் பலவீனம் என்றே நினைக்கிறார்கள். கண்முன்னே வீடு போனவர் தூக்கமின்றித் தவிப்பதும், திடுக்கிடுவதும், சாப்பாடு இறங்காமல் இருப்பதும் இயல்பு. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அது குறையும். ஒரு மாதம் கடந்தும் குறையவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடுகிறது, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். 2004 சுனாமிக்குப் பிறகுதான் இலங்கையில் மனநல மருத்துவ அதிகாரிகள் கொழும்புக்கு வெளியே பரவலாக நியமிக்கப்பட்டார்கள், 2005இல் தேசிய மனநலக் கொள்கையும் வந்தது. அதனால் இன்று கண்டி மாவட்ட மருத்துவமனைகளிலேயே இந்த உதவி உண்டு. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் ஒருவர் பேசுவார். உயிரை வெறுத்துப் பேசுகிறவர் வீட்டில் இருந்தால் பூச்சிமருந்துப் போத்தலை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுவதே முதல் வேலை. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்த வேண்டாம். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதே மருந்து, அவர்களைக் கூடிய சீக்கிரம் அனுப்ப வேண்டும்.

உடல் கிடைக்காத வீடுகளின் துயரம் வேறு. ஈமக்கிரியை செய்வதா வேண்டாமா என்றே அவர்களால் முடிவெடுக்க முடிவதில்லை. மரணச் சான்றிதழ் இல்லாமல் ஊழியர் சேமலாப நிதிப் (ஈ.பி.எப்.) பணமும் எடுக்க முடியாது. டித்வாவுக்குப் பின் பதிவாளர் நாயகத் திணைக்களம் 22 மாவட்டங்களில் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் தருவதற்கு விசேட ஏற்பாடு செய்தது. காணாமற்போனவர் கடைசியாக வசித்த பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதைச் செய்வது, இருக்கும் நம்பிக்கையைக் கொன்றுவிடுவதாகாது. எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை வாங்கிக் கொடுப்பதுதான் அது.

முகாமிலும் உறவினர் வீட்டிலும் நெருக்கியடித்துத் தங்கும்போது பெண்களும் பிள்ளைகளும் படும்பாடு வெளியே வராது. கழிவறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும், போகும் வழியில் வெளிச்சம் வேண்டும், பெண்களுக்குத் தனி உடைமாற்றும் இடம் வேண்டும். இவற்றைக் கேட்பவரை யாரும் சலுகை கேட்கிறார் என்று பேசிவிடக் கூடாது. வன்முறை நடந்தால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. குடும்பத்துக்குள் நடந்தாலும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

இனி வீடு. வீட்டைப் பாதுகாக்காமல் உடல்நலத்தைப் பாதுகாக்க முடியாது. விரிசல் விட்ட லயனுக்கே திரும்பிப் போகிறவருக்கு எந்த மாத்திரையும் தூக்கம் தராது. திரும்பிப் போகலாமா என்பதைத் தோட்ட நிர்வாகமோ அயலவரோ முடிவு செய்யக்கூடாது. அதைச் சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். பிரதேச செயலகம் வழியாகக் கள ஆய்வு கேளுங்கள், அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயன்களைப் பற்றி அந்த நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களுக்குப் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. அறிக்கை உங்கள் கையில் இருந்தால் மாற்றிடம் கேட்கும் உங்கள் பேச்சுக்குப் பலம் வரும்.

அடுத்த மழைக்கு ஒரு வழி. அடியும் மேலும் ஒரே அகலமான, நேர்ச்சுவர் கொண்ட ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து அளவுகோலால் மழையை அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். இதுவே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு. நிலத்தில் புதுப் பிளவு, சாயும் மரம், இறுகி மூட முடியாத கதவு, திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிவிப்புக்குக் காத்திருக்கக்கூடாது. வெளியேறிவிட்டு அனர்த்த அவசர இலக்கமான 117க்குச் சொல்லுங்கள்.

அறிவிப்பு தமிழில் வருமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. டித்வா நாட்களில் தமிழ் எச்சரிக்கைகள் தாமதித்தன, சில வரவே இல்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் உள்ள படிவத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்திடாதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

உதவித்தொகை விஷயத்தில் அரசு அறிவித்தவை: வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபாய், வீட்டுப் பொருட்களுக்கு 50,000 ரூபாய், முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை. கிராம உத்தியோகத்தரின் சேத மதிப்பீட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். லயனில் வாழ்பவருக்கு வீட்டு உறுதி இருக்காது. அதைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க இடம் கொடுக்காதீர்கள். வாக்காளர் பட்டியல், ஈ.பி.எப். பதிவு, பிள்ளையின் பாடசாலைப் பதிவு, தோட்டத்தின் கடிதம், சேதத்தைக் காட்டும் படங்கள் எல்லாமே வசிப்பிடத்துக்குச் சான்று.

பெயர் இல்லையென்றால் வாய்ப்பேச்சில் விடக்கூடாது. பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பட்டியலையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிருக்குத் தொடர்புடைய தகவலானால் 48 மணி நேரம்தான். மலை சரியும் அபாயம் பற்றிய அறிக்கை அந்த வகையில் சேரும் என்று வாதிடுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் அதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

இனம், மொழி, அரசியல் பார்த்து உதவி மறுக்கப்பட்டதாகத் தெரிந்தால் அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு எதிரானது. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத அவகாசமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியிலேயே இருக்கிறது, தொலைபேசி 1996. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்துக்குப் போகலாம். போகும்போது முத்திரை வாங்கிய அந்தக் கடிதப் பிரதியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.